ஒதியன் ஆப்பு

செல்லாத்தாளுக்கு ரயில்வேயில் சம்பளமும் கிடையாது, காக்கிச் சட்டையும் கிடையாது. ஆனாலும் கருங்கரட்டு வளைவில் ஏழு வருஷமாக வண்டி விழாமல் போய்வந்ததில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. இந்தச் சங்கதி அவளுக்கும் அவள் புருஷன் சென்னியப்பனுக்கும் மட்டுமே தெரியும். ஊருக்குத் தெரிந்தால் அவருக்கு மானக்கேடு. மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்தால் வேலைக்கே கேடு.

சென்னியப்பன் கீமேன். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சி போகும் பாதையில் மூன்று மைல் அவர் பொறுப்பு. விடிந்ததும் தோளில் சம்மட்டியைச் சாய்த்துக்கொண்டு, கக்கத்தில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாக ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவார். திரும்பும்போது மற்றதைப் பார்த்துக்கொண்டே வருவார். ஆணி எங்கே தலை தூக்கியிருக்கிறதோ அங்கே ஒரு போடு. இதென்ன பெரிய வேலை என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். வண்டியில் போகிறவன் உயிர் அந்த ஒரு போட்டில்தான் இருக்கிறது என்பது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

ரயிலுக்கு நேரே போகத்தான் பிடிக்கும். வளைவில் திருப்பினால், முரட்டு எருது வேலியில் உரசுகிற மாதிரி வெளிப்பக்கத் தண்டவாளத்தை முட்டித் தள்ளிக்கொண்டே போகும். மரக்கட்டையில் அடித்த ஆணிதான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். நாள்பட நாள்பட ஆணி ஆடும், துளை பெரிசாகும், தண்டவாளம் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அளவுக்கு மீறி விலகிவிட்டால் சக்கரம் நடுவில் இறங்கிவிடும். அதற்குத்தான் ஆப்பு. ஆடுகிற ஆணியைப் பிடுங்கிவிட்டு, துளையில் தார் தோய்த்த மர ஆப்பை இறக்கி, அதன் தலையிலேயே மறுபடி ஆணியை அடித்தால், புதுக் கட்டையில் ஏறின மாதிரி கடித்துக்கொள்ளும்.

ஆப்பு டிப்போவிலிருந்து வர வேண்டும். வந்ததில்லை. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரரான இன்ஸ்பெக்டர் ராமபத்ரன், "வர்றப்போ வரட்டும். அதுவரைக்கும் நீங்களே பார்த்துக்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் சென்னியப்பன் வேல மரக் கிளைகளை வெட்டிவந்து அடுப்புக்கு மேலே அட்டாலிப் பரணில் காயப்போட்டார். செதுக்கத்தான் வரவில்லை. சம்மட்டி பிடித்த கைக்கு அரிவாளின் நளினம் எட்டாது. நாலு ஆப்பு செதுக்கினால் மூன்று பிளந்துகொள்ளும். பார்த்துக்கொண்டிருந்த செல்லாத்தாள் ஒருநாள், "இங்க கொண்டாங்க" என்று அரிவாளை வாங்கினாள். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கட்டைவிரல் கனத்தில், நாலு பட்டை வைத்து நுனியில் லேசாகக் கூம்பி, ஒரே வார்ப்பில் எடுத்த மாதிரி ஆப்பு வந்தது. களி கிளறிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வாசலில் குந்தி ஒரு பொழுதுக்கு இருபது ஆப்பு செதுக்குவாள். சென்னியப்பன் எண்ணிப் பார்க்காமலே அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டு போவார்.

இன்ஸ்பெக்டர் ஒருதரம் டிராலியிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு, "பொள்ளாச்சி வரைக்கும் இப்படி ஆப்பு அடிக்கறவன் ஒருத்தன் இல்லே, கேட்டயா சென்னியப்பா" என்று சொன்னாராம். சென்னியப்பன் அன்று வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல், மடியிலிருந்து ஒரு முழம் கதம்பத்தை எடுத்து அம்மிமேல் வைத்தார். அவர் புகழ்வதெல்லாம் அந்த வகைதான்.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் மகள் கமலாத்தாளுக்குத் தலைப்பிரசவம். உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். தாய்வீட்டில்தான் பிள்ளைப்பேறு. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று மூச்சுவிட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. தென்மலை முழுக்க வெள்ளைக் கோடு கோடாக அருவி இறங்கியது. கணவாய்க் காற்று சாரலைத் தூக்கிவந்து கூரைக்கு அடியிலும் அடித்தது. சாண ராட்டி நனைந்தது, விறகு நனைந்தது, வேலியில் செருகிவைத்த சுள்ளிகூட நனைந்தது. பிரசவித்தவளுக்கு இரண்டு வேளையும் வெந்நீர் வேண்டும். "பச்சத்தண்ணி பட்டுச்சுன்னா ஜன்னி கண்டுபோகும், அப்பறம் என்னயக் கேக்கப்படாது" என்று மருத்துவச்சி மிரட்டிவிட்டுப் போயிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் கமலாத்தாளுக்கு உடம்பு வெடவெடவென்று உதறியது. அடுப்பில் ஈர விறகு புகைந்ததே ஒழியப் பற்றவில்லை. ஊதி ஊதிச் செல்லாத்தாளுக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகியது. அண்ணாந்து பார்த்தாள். அட்டாலியில் வேலங்கட்டை, மூன்று மாதம் காய்ந்தது, எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒன்றை உருவினாள். அப்புறம் இன்னொன்று. வேலங்கட்டைக்கு நெருப்பென்றால் கொண்டாட்டம். பானை கொதித்தது, மகளுக்கு உதறல் நின்றது, குழந்தை பால் குடித்தது. சாயங்காலத்துக்கும் அதுதான் எரிந்தது. மறுநாளைக்கும் அதுதான். அட்டாலி காலியானது.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்.

"ஏ புள்ள, நாளைக்கு வளைவுக்கு ஆளுக வராங்க. மேஸ்திரி ஒத்துக்கிட்டாரு. முப்பத்தாறு ஆப்பு வேணும். வெடியறதுக்குள்ள செதுக்கிப்போடு."

"நாளைக்கேவாங்க?"

"பின்னே? இந்த மழையில ஆணியெல்லாம் ஆட்டங்கண்டு கெடக்குது. நாளைக்கு உட்டா மறுக்கா ஆளுக கெடைக்க மாட்டாங்க."

கட்டையெல்லாம் எரிந்துபோனது என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகளுக்காக எரித்ததை யார் குற்றம் சொல்லப்போகிறார்கள்? சென்னியப்பன் ஒரு கத்துக் கத்தியிருப்பார், மேஸ்திரியிடம் போய்த் தலையைச் சொறிந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் ஏழு வருஷத்தில் ஒருநாளும் 'இல்லை' என்று சொன்னவளில்லை செல்லாத்தாள். அந்தப் பெருமையே அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது. "செரிங்க" என்றாள்.

அவர் சாப்பிட்டுவிட்டுச் சுருண்டதும் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வேலிக்காலாக ஒதிய மரம் வரிசையாக நின்றது. 'ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது' என்பது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் வெட்டினாள். பூசணிக்காய் மாதிரி அரிவாள் இறங்கியது. ஒரே உட்காரலில் முப்பத்தாறும் செதுக்கி முடித்தாள். கை நோகவில்லை. நோகாததுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது. தாரில் முக்கி எடுத்ததும் வேலும் ஒதியனும் ஒரே கறுப்பு. நாலு நாள் போனால் வெயில் வரும், வேல் வெட்டிச் செதுக்கி மாற்றச் சொல்லிக்கொள்ளலாம், நாலு நாளில் என்ன குடி முழுகிப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் திரும்பிவந்த சென்னியப்பன், "இன்னைக்கு ஆப்பு வழுக்கிக்கிட்டு எறங்குச்சு புள்ள" என்றார்.

செல்லாத்தாள் அகப்பையோடு திரும்பினாள். "ஏனுங்க?"

"மழைதான். தொளையெல்லாம் ஊறிப் பெருசாக் கெடக்குது. களியில வெரல உட்டாப்புல எறங்குது."

அவள் சட்டியில் இருந்த கொள்ளுப் பருப்பை அவர் தட்டில் ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

நாலு நாள் நாற்பது சாக்குச் சொல்லிக் கழிந்தது. வெயில் வந்தபோது வேல் வெட்டிவந்து முப்பத்தாறு ஆப்பு செதுக்கித்தான் வைத்தாள். "இப்ப என்னத்துக்கு? வளைவுக்குத்தான் போட்டாச்சே" என்றார் அவர். "இருந்துட்டுப் போகுதுங்க" என்று சொல்லி ராகிக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

அவர்கள் குடியிருந்தது பாதையோரத்து ரயில்வே லயன்வீடு. வாசலில் நின்றால் வளைவு தெரியும். ஒரு நாளைக்கு நாலு வண்டி. முன்பெல்லாம் வண்டி சத்தம் கேட்டால் உலைவைக்கும் நேரம், பால் கறக்கும் நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வாள். இப்போது சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். சன்னலோரத்தில் பிள்ளைகள் கையாட்டிக்கொண்டு போகும். சந்தைக்காரப் பெண்கள் வெற்றிலைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். கடைசிப் பெட்டி வளைவைத் தாண்டிக் கரட்டுக் குன்றுக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பயம் தீரும். சொல்லவில்லை. அடுத்த வண்டிக்கு மறுபடி ஓடிவந்தாள்.

பன்னிரண்டாம் நாள் இன்ஸ்பெக்டரின் டிராலி வந்தது. அளவுக் கம்பியைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்த்த ராமபத்ரன் தொப்பியைக் கழற்றினாராம். வளைவு அரை அங்குலம் விரிந்திருந்தது. போட்டுப் பன்னிரண்டு நாள்தான் ஆன ஆணிகள் தலை தூக்கி நின்றன.

"என்னடா சென்னியப்பா, இது நீ அடிச்சதுதானா? கை தளர்ந்து போயாச்சோ?" என்று கேட்டாராம். அப்புறம், வண்டிகள் வளைவில் மெள்ளப் போகட்டும் என்று பலகை நடச் சொல்லிவிட்டு, "இருபது நாள் கழிச்சு வரேன். அப்பவும் இப்படித்தான்னா ஆறுமுகசாமி கையில சம்மட்டியக் குடுத்துடவேண்டியதாக்கும். நீ எங்கயாவது ரயில்வே கேட்ல போய் உக்காந்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆறுமுகசாமி கூட வேலை பார்க்கும் வாலிபன், நல்ல பையன், சொன்னதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டானாம்.

இதையெல்லாம் சென்னியப்பன் வாயால் சொல்லவில்லை. மேஸ்திரி பெண்டாட்டி சொல்லித்தான் செல்லாத்தாளுக்குத் தெரிந்தது. சென்னியப்பன் வீட்டுக்கு வந்து, வலது கையை மடக்கி நீட்டி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்திரண்டு வயசு. அந்தக் கையை வைத்துத்தான் அந்த மனுஷன் தன்னை ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். காடுகரை எல்லாம் அண்ணன்மாருக்குப் போக, தம்பிக்காரனுக்கு மிஞ்சியது அந்தச் சம்மட்டி ஒன்றுதான்.

"வேப்பெண்ணெய் இருக்குதா புள்ள?"

"இருக்குதுங்க. நானே தேச்சுடறேன்."

தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சூடாக எண்ணெய் தேய்த்தாள். கை உருண்டு திரண்டு, வைரம் பாய்ந்த கட்டை மாதிரி இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒருவேள கட்டையில கொறை இருக்குமுங்க" என்றாள் மெதுவாக.

"கட்ட நல்ல கட்டதான்."

"அப்ப ஆப்புல..."

சென்னியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த இருபது நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"ஆப்புல எங்கிருந்து புள்ள கொறை வரும்? அது உன்ற கையி. ஏழு வருசமாப் பாக்கறேன், ஒரு ஆப்பு தப்புனதில்ல. ஆப்பக் குத்தஞ்சொன்னா என்ற கண்ணு அவிஞ்சு போகும். கொறை என்ற கையிலதான். வயசாயிப்போச்சு, ஒத்துக்கோணுமல்ல?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயைக் கொட்டப்போகிறவள்போல வெளியே போய், மாட்டுக்கொட்டகையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான் நடந்தது. விடிவதற்கு முன்னே எழுந்து வளைவுக்குப் போவார். எழும்பி நிற்கும் ஆணியையெல்லாம் மறுபடி அடித்து இறக்குவார். நாலு வண்டி போனதும் மறுபடி எழும்பி நிற்கும். மத்தியானம் மறுபடி அடிப்பார். வீட்டுக்கு வந்தால் பேச்சில்லை, சோளச்சோறு பாதி தட்டிலேயே கிடக்கும். எண்ணெய் தேய்க்கச் சொல்லிக் கையை மட்டும் நீட்டுவார். அவள் தேய்ப்பாள்.

கமலாத்தாள் ஒருநாள் கேட்டாள். "அம்மா, அய்யனுக்கு என்னாச்சு? புள்ளயக்கூடத் தூக்க மாட்டேங்கறாரு. கையி நடுங்கிக் கீழ போட்டுருவேன்னு பயமா இருக்குதாமா."

செல்லாத்தாளுக்கு அடக்க முடியவில்லை. மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கமலாத்தாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சுடுதண்ணி வெக்கத்தான் எரிச்சீங்களா?"

"நீ என்ன கண்ணு பண்ணுவே? எரிச்சதுல தப்பில்ல. மறைச்சதுதான்."

"அய்யன்கிட்டச் சொல்லீராதீங்கம்மா. கொன்னுபோடுவாரு."

"கொன்னா ஒருநாளோட போச்சு அம்மிணி. இப்ப அவரல்ல தெனமுஞ் சாகறாரு."

"அப்பச் சொல்லீருங்க."

"சொல்றேன்."

"எப்ப?"

செல்லாத்தாள் எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். கமலாத்தாள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஆவணிக் கடைசீல அவரு வந்து கூட்டிட்டுப் போறாரு. நானும் புள்ளையும் அந்த வளைவு மேலதானம்மா போகோணும்?"

செல்லாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் போன வண்டியில் எத்தனை கமலாத்தாள், எத்தனை பச்சைப்பிள்ளை! அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்றாள். தன் பிள்ளை ஏறப்போகிறது என்றதும்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த வெட்கத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அன்றே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அன்றும் சொல்லவில்லை. அவர் களைத்து வந்திருந்தார்.

இருபதாம் நாள் வந்தது. சென்னியப்பன் குளித்து, துவைத்த காக்கிச் சட்டையைப் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். சம்மட்டியின் காம்பை ஈரத்துணியால் துடைத்தார்.

"புள்ள, இன்னைக்கு நானே சொல்லீர்றேன். அந்த இன்ஸ்பெக்டர் சாமி வாயால சொல்லிக் கேக்கறதவிட, நானே ஆறுமுகசாமி கையில குடுத்தர்றது மரியாதி. கேட்டுல குடியிருக்க ஒரு சாளை குடுப்பாங்க. நாம ரெண்டு பேரு, கெடந்துக்கலாம்."

அவள் "ஏனுங்க..." என்று ஆரம்பித்தாள். அவர் அதற்குள் படலைத் தாண்டிப் போய்விட்டார். அந்தத் துவைத்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாள். அப்புறம் குதிருக்குப் பின்னால் கையைவிட்டு மூட்டையை எடுத்தாள். அதைக் கூடையில் வைத்து, மேலே சோற்றுப் போசியை வைத்து, "கதவச் சாத்திக்க கண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டு நடந்தாள். சல்லிக்கல்லில் ஓடத்தான் வரவில்லை, ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவள் மேடேறியபோது டிராலி நின்றிருந்தது. ராமபத்ரன் அளவுக் கம்பிமேல் குனிந்திருந்தார்.

"அதே அரை அங்குலம். இன்னும் நூலிழை கூடயிருக்கு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க சாமி" என்று சொல்லி, சென்னியப்பன் சம்மட்டியை இரண்டு கையாலும் ஏந்தி ஆறுமுகசாமியின் பக்கம் நீட்டினார். "என்ற கை போச்சுங்க. இனி இவனே பாக்கட்டும்."

ஆறுமுகசாமி கையை நீட்டாமல் பின்னுக்கு நகர்ந்தான்.

"கை போகலீங்க சாமி!" என்று கத்தினாள் செல்லாத்தாள்.

எல்லோரும் திரும்பினார்கள். சென்னியப்பனுக்கு முகம் கறுத்தது. "ஏ, உனக்கென்ன இங்க வேல? ஊட்டுக்குப் போ."

"போறனுங்க. சொல்லிப்போட்டுப் போறேன். ஆணியப் புடுங்கிப் பாருங்க சாமி. உள்ள இருக்கறது வேல் இல்லீங்க. ஒதியனுங்க. மழையில வேலங்கட்டைய நான் அடுப்புல வெச்சுப்போட்டனுங்க. ஒதியன வெட்டிச் செதுக்குனது நாந்தானுங்க. இவருக்குத் தெரியாதுங்க."

சென்னியப்பனின் கை சம்மட்டியோடு அப்படியே நின்றது. ஒரு நொடி. அப்புறம் அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "அவ பெனாத்தறாளுங்க சாமி. ஆப்பு நாஞ் செதுக்குனது. ஒதியனா இருந்தா அதுவும் நான் வெட்டுனதுதானுங்க."

ராமபத்ரன் ஆறுமுகசாமியைப் பார்த்தார். அவன் கொக்கிக் கடப்பாரையை வைத்து ஒரு ஆணியை நெம்பினான். முனகக்கூடச் செய்யாமல் வந்தது. துளைக்குள்ளே கம்பியை விட்டுக் கிளறினான். ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி ஒரு பிடி நார் வந்தது. ராமபத்ரன் அதை விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கினார். தண்ணீர் சொட்டியது.

"இது செதுக்கினது ஆராக்கும்? ரெண்டு பேரும் நான்தான்னா நான் எதை நம்பறது?"

செல்லாத்தாள் கூடையை இறக்கினாள். போசியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மூட்டையை அவிழ்த்தாள். வேல ஆப்பு முப்பத்தாறு, நாலு பட்டை, ஒரே கூம்பு. ஏழு வருஷமாக ராமபத்ரன் பார்த்த அதே வார்ப்பு. அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு வருஷமாவும் நீயா?"

"ஆமாங்க சாமி."

"இதுவும் நீ. அதுவும் நீ."

"ஆமாங்க. ரெண்டும் நாந்தானுங்க."

ராமபத்ரன் டிராலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கையிலிருந்த ஆப்பைப் பக்கத்தில் வைத்தார். பேசியபோது குரலில் அதட்டல் இல்லை. அது செல்லாத்தாளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எத்தனை ஜனம் இதுமேலே போயாச்சு, தெரியுமா நோக்கு? முதல் பன்னண்டு நாள் முழு வேகத்திலேயாக்கும். போன வெள்ளிக்கிழமை எங்க ஆத்துக்காரி இதுலேதான் பழனிக்குப் போனாள். நான்தான் ஏத்திவிட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதை உள்ளபடி எழுதினா இவனுக்கு வேலை போகும். ஆப்பு ஏன் உங்காத்து வாசலுக்கு வந்ததுன்னு கேட்டா எனக்கும் போகும். டிப்போவுக்கு மூணு தடவை எழுதினேன். நாலாந்தடவை எழுதல்லே. உன் ஆப்பு நன்னாயிருந்தது, நான் பேசாம இருந்துட்டேன்." அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் புத்தகத்தை எடுத்து எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். "கட்டை பழசு. மழை. அவ்வளவுதான். இனிமே நீ அரிவாளைத் தொடறதுன்னா வேல மரத்தைத் தவிர வேறே எதையும் தொடப்படாது, கேட்டயா? சென்னியப்பா, எடுடா சம்மட்டியை."

அன்று மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. ஆறுமுகசாமி பழைய துளையைச் சுரண்டி எடுத்தான். மேஸ்திரி ஆட்களோடு வந்து கடப்பாரையால் தண்டவாளத்தை உள்ளே தள்ளிப்பிடித்தார். சென்னியப்பன் அடித்தார். வேல ஆப்பின் தலையில் ஆணி ஏறும் சத்தம் கரட்டில் மோதித் திரும்பி வந்தது. மூன்றே போடு, ஒரு ஆணிக்கு. முன்பும் மூன்றுதான். இன்ஸ்பெக்டர் அளவுக் கம்பியை வைத்துப் பார்த்து, "சரி" என்றார்.

செல்லாத்தாள் கொண்டுவந்த சோற்றை யாரும் தொடவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

பொழுது சாய்ந்து சென்னியப்பன் வந்தார். கத்துவார், கைநீட்டுவார் என்று எதிர்பார்த்துக் கமலாத்தாள் குழந்தையோடு நடுவில் வந்து நின்றாள். அவர் குழந்தையை வாங்கி, வலது கையிலேயே ஏந்திக்கொண்டு, அதன் முகத்தைப் பார்த்தபடி கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். செல்லாத்தாள் பழக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்துவிட்டாள். அவர் அதைப் பார்த்தார்.

"இருவது நாளு தேச்சியே புள்ள" என்றார். "அப்பக்கூடச் சொல்லோணும்னு தோணலியே உனக்கு."

அதற்குமேல் அதைப்பற்றி அன்றைக்கும் பேசவில்லை, என்றைக்கும் பேசவில்லை.

ஆவணியில் மாப்பிள்ளை வந்து கமலாத்தாளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார். வண்டி வளைவில் பழைய வேகத்தில் போனது. செல்லாத்தாள் வாசலில் நின்றாள். மகள் சன்னலில் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். இவளுக்குக் கையைத் தூக்க வரவில்லை. கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

ஆப்பு டிப்போவிலிருந்து அப்புறமும் வரவில்லை. சென்னியப்பன் வேல் வெட்டிவந்து அட்டாலியில் போட்டார். அவள் செதுக்கினாள். ஒன்றே ஒன்று மாறியிருந்தது. முன்பெல்லாம் அள்ளிச் சாக்கில் போடுகிறவர், இப்போது அவளுக்கு எதிரே குந்தி, ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்துத்தான் போட்டார். நகம் இறங்காது. ஒருநாளும் இறங்கியதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் கீறினார். அந்தச் சின்னச் சத்தம் ஒவ்வொன்றும் அவள் உடம்பில் விழுந்தது. அது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரியும்.

ஊர் கேரளத்தோடு சேர்ந்து, பள்ளிக்கூடத்துப் பலகை மலையாளத்துக்கு மாறி, தை பிறந்தது. அறுப்பு முடிந்து காற்று காய்ந்து அடித்த ஒரு சாயங்காலம், சென்னியப்பன் வழக்கம்போல எதிரே குந்தினார். ஏழெட்டு ஆப்பைக் கீறிப் போட்டவர், வாசல் பக்கம் மாடு கத்தியதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே, மிச்சமிருந்ததைப் பழைய மாதிரி இரண்டு கையாலும் அள்ளிச் சாக்கில் போட்டுவிட்டு எழுந்தார்.

செல்லாத்தாளின் கை நின்றது. இத்தனை மாதமாக அவள் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் அது வந்தபோது வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. சாக்குக்குள் கையைவிட்டு அவர் அள்ளிப்போட்டதையெல்லாம் வெளியே எடுத்து, அவர் காலடியில் தரையில் வரிசையாக வைத்தாள்.

"இதெல்லாம் இன்னும் பாக்கலீங்க" என்றாள்.

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். மாடு மறுபடி கத்தியது. அவர் மெதுவாகக் குந்தி, முதல் ஆப்பை எடுத்து, நகத்தால் கீறிப் பார்த்துச் சாக்கில் போட்டார். அவள் அடுத்ததை எடுத்து நீட்டினாள்.